காலை மூச்சும் மத்தியான மூச்சும்

அத்தியாயம் 17

சாவி கிடைத்துவிட்டது.

போன வாரம் அக்கா வீட்டையே கவிழ்த்து உலுக்கியும் அகப்படாத அந்த இரும்பு அலமாரிச் சாவி, அவள் கணவரின் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது. சட்டையோடு சேர்ந்து வாஷிங் மெஷினில் மூன்று முறை குளித்துவிட்டு, ஆய்வு மையத்துக்குச் சொந்தமான பொருள்களிலேயே மிகச் சுத்தமானது என்ற பெருமையோடு வெளியே வந்தது.

இன்றைக்குத்தான் இந்தக் குடும்பத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அக்கா உயிர்வேதியியல் படித்தவள்; சிறுநீரகம் எப்படிக் கெடுகிறது என்று இருபது வருஷமாகத் துருவிக்கொண்டிருப்பவள். அவள் கணவர் கருவிகள் செய்பவர். தூங்கும்போதுகூடப் பையில் ஸ்பானர் இருக்கும் என்பதால் ஊரே அவரை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுகிறது. அக்காவின் தம்பி புள்ளியியல்காரன். மூன்று பேருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை, ஒரே வேலை. பல துறைக்காரர்கள் சேர்ந்து வேலை செய்யும், அரசுப் பல்கலைக்கழகத்தின் கூட்டறிவியல் மையம். ஒரு பையில் மூச்சை ஊதிக் கொடுத்தால், சிறுநீரகம் பழுதாகிறதா என்று ரத்தம் எடுக்காமலே சொல்லிவிடும் கருவியை அங்கே ஏழு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மையம் என்றதும் கண்ணாடி மாளிகையை நினைத்துக்கொள்ளாதீர்கள். நான்கு துறைகளின் கட்டடங்களுக்கு நடுவே, நான்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அது நின்றது. அதன் கூரை ஆறு வருஷமாக ஒழுகுகிறது. வேதியியல் துறையில் போய்ச் சொன்னால், "தண்ணி மேலேயிருந்து கீழ விழுதா? அது இயற்பியல்" என்பார்கள். இயற்பியலில், "சுவர்ல பாசி பிடிச்சிருக்காமே? அது உயிரியல்" என்பார்கள். உயிரியலில், "வாளி எவ்வளவு நேரத்துல நிரம்புதுன்னு கணக்கெடுத்தீங்களா?" என்று கேட்டுக் கணிதத்துக்கு அனுப்புவார்கள். கணிதத்திலிருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் நிஜமாகவே வந்து அண்ணாந்து பார்த்தான். வாளியை அரை அடி நகர்த்தி வைத்தான். அதற்குப் பிறகு திரும்பிப் போகவே இல்லை.

அவன்தான் தம்பி. வரச் சொன்னவள் அக்கா.

அவளை உறுத்திக்கொண்டிருந்தது அதுதான். மதிப்பீட்டுக் குழு இன்றைக்கு வருகிறது. மையம் இருக்கலாமா கூடாதா என்று சாயங்காலத்துக்குள் சொல்லிவிடும். மூடிவிட்டால் அக்காவுக்குத் திரும்பிப் போக அவளுடைய தாய்த்துறை இருக்கிறது. ஸ்பானருக்கு அவருடைய பட்டறை இருக்கிறது. தம்பிக்கு ஒன்றும் இல்லை. "நிரந்தர வேலையைக் கட்டிக்கிட்டு என்னடா அழற? இங்க வா, நான் இருக்கேன்" என்று அவள் சொன்ன ஒரே வார்த்தைக்காகக் கணிதத் துறையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தவன். மையம் உயிரோடிருக்கும் வரைக்கும்தான் அவனுக்கு நாற்காலி. வீட்டு மாடி அறையில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

காலை எட்டரைக்கு அவன் மையத்து வராந்தாவில் சரக் சரக்கென்று வந்தான். கால் பாதி ஷூவுக்குள்ளே, பாதி வெளியே. பின்பக்கத்தை மிதித்துச் செருப்பாக்கியிருந்தான்.

"என்னடா கோலம் இது?"

"உள்ள போக மாட்டேங்குதுக்கா. ரெண்டு வருஷமாப் போடல. சுருங்கிடுச்சு போல."

"ஷூ சுருங்குமா? நாற்காலியைத் தேய்ச்சுத் தேய்ச்சு உன் கால்தான் பெருத்திருக்கு. மூஞ்சியும் உப்பியிருக்கு பாரு. தூங்கினியா இல்லியா?"

"உன் கமிட்டி எங்க தூங்க விட்டுது?"

"பெரியவங்க முன்னாடி இப்படியா போய் நிப்ப?"

"மேஜைக்கு அடியில குனிஞ்சு பார்த்து மார்க் போடற கமிட்டின்னா, நம்ம மையம் மூடறதே நல்லதுக்கா."

அவள் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்த கடைசிச் சிரிப்புக்கு முந்தைய சிரிப்பு அது.

குழுவில் மூன்று பேர். தலைவர், உயிரியலில் பழம் தின்று கொட்டை போட்டவர். உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொள்வார், தூக்கமா சிந்தனையா என்று அவர் வீட்டுக்கே தெரியாது. இரண்டாவது, லேசர் ஆராய்ச்சி செய்யும் லேசர் அம்மா; எந்தக் கருவியைப் பார்த்தாலும் தொட்டிலில் கிடக்கிற குழந்தையைப் போலக் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பார். மூன்றாவதாக வரவேண்டிய புள்ளியியல் பேராசிரியருக்குப் பல்வலி. ஆள் கிடைக்காத அவசரத்தில் பாறை நிபுணர் ஒருவரைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் பதிவாளர், மூடிய கோப்போடு.

அக்கா எல்லாவற்றையும் ஒரே உறை மேல் பந்தயம் கட்டியிருந்தாள்.

இருநூற்று நாற்பது பேரின் மூச்சு. பாதிப் பேர் ஆஸ்பத்திரியில் சிறுநீரக நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள். மீதிப் பாதி நல்ல ஆரோக்கியசாலிகள், பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்கள். எது யாருடைய பை என்று அக்காவுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு தன்னையறியாமல் ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்று அவர்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. தம்பி குலுக்கிப்போட்ட எண்களைத் தருவான். ஸ்பானர் அவற்றைப் பைகளில் ஒட்டிக் கருவியில் ஓட்டுவார். கருவி போடும் கோடுகள் வெறும் எண்ணோடு அக்காவிடம் வரும். அவள் படித்துக் கொடுப்பதை வைத்துத் தம்பி "நோய்", "நலம்" என்று இரண்டு கட்டாகப் பிரிப்பான். உண்மையான பட்டியல் இரும்பு அலமாரிக்குள், ஒட்டிய உறையில். ஒன்றரை வருஷம் ஸ்பானர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் வேலைப் பேச்சு எடுத்தாலே தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்குப் போய்விடுவார். அவ்வளவு நேர்மை.

குழுவின் கண்ணெதிரே உறையைப் பிரித்தார்கள். ஸ்பானர் வாசிக்க வாசிக்க, தம்பியின் பட்டியலில் பாறை நிபுணர் டிக் போட்டார். முதல் இருபது சரி. அடுத்த இருபதும் சரி. நூறைத் தாண்டியபோது தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார். இருநூறில் இரண்டாவதும் திறந்தது.

இருநூற்று நாற்பதில் இருநூற்று முப்பத்தொன்பது சரி!

ஒன்றே ஒன்றுதான் பிசகு. நூற்று எழுபத்து மூன்றாம் எண். ஆரோக்கியசாலி ஒருவரை நோய்க் கட்டுக்குள் போட்டிருந்தான் தம்பி.

"யாரோ பாவம், அன்னிக்கு என்னத்தைத் தின்னுட்டு வந்து ஊதினாரோ!" என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதுதான் அந்தக் கடைசிச் சிரிப்பு.

கைதட்டல் கிளம்பியது. லேசர் அம்மா கருவியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. ஸ்பானர் கண்ணைத் துடைத்தபோது கைக்குட்டைக்குப் பதிலாக எண்ணெய்த் துணி வந்து, முகமெல்லாம் கறுப்பு. சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டரைக்கு முடிவைச் சொல்வதாகக் குழு எழுந்துபோனது.

தம்பி மட்டும் கைதட்டவில்லை.

உறையோடு சேர்த்து ஸ்பானருடைய ஓட்டப் பதிவேடும் அலமாரியிலிருந்து வெளியே வந்திருந்தது. எந்தப் பையை எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு ஓட்டினார் என்ற நோட்டு. அதைத் தம்பி இன்றைக்குத்தான் முதல்தடவையாகப் பார்க்கிறான். அக்கா தேடிக்கொண்டு வந்தபோது, வராந்தாவில் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பக்கம் படித்திருந்தான்.

"சாப்பிட வாடா, மகாராஜா. வீட்டுக்குச் சொல்லிட்டியா? உன் பொண்டாட்டி போன்கிட்டயே உக்கார்ந்திருப்பா."

"அக்கா, ஆஸ்பத்திரிப் பை எல்லாம் எத்தனை மணிக்கு வரும்?"

"காலையில. எட்டு மணி வண்டி. நான்தானே ஏற்பாடு பண்ணினேன். எதுக்குக் கேக்கற?"

"ஊழியர்ங்க?"

"அவங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஒழிவா வருவாங்க. என்னடா ஆச்சு?"

தம்பி, தூணுக்கு அந்தப்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த ஸ்பானரைக் கூப்பிட்டான்.

"அத்தான், நான் கொடுத்த எண் வரிசையிலதானே ஓட்டினீங்க? ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு?"

"எப்படிப்பா முடியும்? பையை நாலு மணி நேரம் வச்சா மூச்சு கசிஞ்சு போயிடும். வந்தது வந்தபடி ஓட்டிட வேண்டியதுதான். எண்ணு மட்டும் நீ குலுக்கிக் கொடுத்தபடியே ஒட்டினேன். ஒரு எண்கூட மாறல." சொல்லும்போதே அவருக்குப் பெருமை.

"காலையில மெஷின் எப்படி இருக்கும்? மத்தியானம் எப்படி இருக்கும்?"

"அது... காலையில உள்ள விளக்கு கொஞ்சம் ஜில்லுனு இருக்கும். மத்தியானம் சூடேறி, கோடு ஒரு சுண்டுவிரல் அளவுக்கு மேல ஏறி நிக்கும். எந்த மெஷினும் அப்படித்தானே?"

அவர் குழாயை மூடிவிட்டுப் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நோயாளிகள் எல்லோரும் காலை, கோடு கீழே. ஆரோக்கியசாலிகள் எல்லோரும் மத்தியானம், கோடு மேலே. கருவி பிரித்துக் காட்டியது நோயையா, வெயிலையா? யாருக்குத் தெரியும்! வண்டி எப்போது வரும் என்று அக்காவுக்குத் தெரியும். கருவி எப்போது சூடேறும் என்று ஸ்பானருக்குத் தெரியும். வரிசையைக் கலக்கவேண்டும் என்று தம்பிக்குத் தெரியும். மூன்று பேரும் ஒன்றரை வருஷம் ஒரே குழம்புக் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் அவர்களுடைய கட்டுப்பாடே.

"அப்போ அந்தத் தப்பாப்போன ஒண்ணு?" என்றாள் அக்கா, ஏதாவது பேசியாகவேண்டும் என்பதற்காக.

"என்னிக்காவது காலையில வந்து ஊதின ஊழியரா இருக்கும். நாப்பது வரிக்கு மேல பார்க்கத் தெம்பில்லக்கா எனக்கு."

அக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் நிறுத்தினாள்.

"இதோ பாரு. இதை நீ பார்க்கல. நோட்டைக் கொடு. ரெண்டரைக்கு அவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். நாளைக்கே புதுசா ஆரம்பிக்கலாம். கலந்து ஓட்டலாம். ஆறே மாசம்."

"ஆறு மாசம் அவங்க சும்மா இருப்பாங்களா? ஆஸ்பத்திரி வாசல்ல மெஷினைக் கொண்டுபோய் வைப்பாங்க. மத்தியானம் வர்ற சீக்காளிக்கெல்லாம் 'உனக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போ'ன்னு சொல்லும். போய்ச் சேர்ந்துடுவான்."

"உனக்கு என்ன ஆகும்னு யோசிச்சியா? வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

"யோசிக்காமலா உக்கார்ந்திருந்தேன்?"

"நான்தானேடா உன்னைக் கூட்டிக்கிட்டு வந்தேன்..."

"அதுக்கு இப்ப அழுது என்ன பண்றது? மூக்கைத் துடை. கமிட்டி வருது."

இரண்டரைக்குத் தலைவர் தொண்டையைச் செருமினார். பேனா மூடி திறந்தது. தம்பி எழுந்திருக்கப்போன சத்தம் அக்காவுக்குக் கேட்டது. ஷூவை மேஜைக்கடியில் கழற்றிப்போட்டவன் காலால் அதைத் துழாவிக்கொண்டிருந்தான். அந்த இரண்டு விநாடியில் அவள் எழுந்துவிட்டாள். விழுகிற அடி தன்மேல் விழட்டும்.

"ஒரு நிமிஷம். எங்க முடிவு தப்பு. நாங்க அளந்தது நோயை இல்ல. நேரத்தை."

எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி, சூடு, வரிசை.  வராந்தா வாளியில் சொட்டுகிற சத்தம் உள்ளே வந்து உட்கார்ந்தது.

"உயிரியல் பக்கம் எனக்கு ஒரு குறையும் தெரியலையே" என்றார் தலைவர்.

"கருவி பிரமாதம். சூடேறினா கோடு ஏறத்தான் செய்யும். அதுல தப்பே இல்ல" என்றார் லேசர் அம்மா.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அக்காவின் நெஞ்சுக்குள் ஒரு கேவலமான நம்பிக்கை தலையைத் தூக்கியது. இவர்களுக்குப் புரியவில்லை! புரியாமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்!

பாறை நிபுணர் டிக் போட்ட காகிதத்தை மெதுவாக மடித்தார்.

"அம்மா, நான் கல்லைத் தட்டிப் பார்க்கிற ஆளு. தப்பாச் சொன்னா மன்னிச்சுக்குங்க. ஏழு வருஷமா நீங்க ஒரு கடிகாரம் செஞ்சிருக்கீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்" என்றாள் அக்கா.

பதிவாளர் கோப்பைத் திறந்தார். இப்படி ஒரு வாய்ப்புக்காகவே தட்டச்சு செய்து வைத்திருந்ததுபோல உள்ளே காகிதம் தயாராக இருந்தது. மையம் இந்த மாதக் கடைசியோடு கலைக்கப்படுகிறது. ஆசிரியர்கள் தத்தம் தாய்த்துறைகளுக்குத் திரும்பலாம். தாய்த்துறை இல்லாதவர் ஒருவர். அவருக்கு மாற்று ஏற்பாடு ஏதும் இல்லை. கட்டடத்தை எந்தத் துறையிடம் ஒப்படைப்பது என்பது பின்னர் முடிவு செய்யப்படும்.

"கூரை ஒழுகும். கேக்கறவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க" என்றான் தம்பி.

யாரும் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்கு அக்கா தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். பதிவாளர் எல்லாக் காகிதங்களையும் கட்டி ஒப்படைக்கச் சொல்லியிருந்தார். மூச்சு கொடுத்தவர்களின் சம்மதப் படிவங்கள் அவள் பொறுப்பு. கடைசி நாள் வரைக்கும் பிரிக்காமல் வைத்திருந்த கட்டு, எண் வரிசைப்படி, ஒவ்வொன்றிலும் கையெழுத்து. எதிரே ஸ்பானர் தரையில் உட்கார்ந்து கருவியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருகையும் துடைத்து, அது இருந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

"தம்பி எங்கே?"

"வெளியிலதான். வீட்டுக்குத் தனியாப் போக மனசு வரலைங்கறான். நம்மளோட சேர்ந்தே வர்றானாம்."

அவள் கட்டுக்கு நூல் சுற்றினாள். பாதிச் சுற்றில் கை நின்றது. தவறு எதையும் விளக்கம் இல்லாமல் விட்டுப் போகாத பழக்கம் அவளுக்கு. இருபது வருஷப் பழக்கம் ஒரே மத்தியானத்தில் போய்விடுமா?

"என்னங்க... அந்த நூத்தி எழுபத்து மூணு. அது காலையில ஓட்டினதுதானே?"

ஸ்பானர் பதிவேட்டை இழுத்துப் புரட்டினார். எண்ணெய்க் கறை படிந்த விரல் வரிவரியாக இறங்கியது.

"இல்லையே. மத்தியானம். ரெண்டு நாப்பது."

"சரியாப் பாருங்க."

"நல்லா ஞாபகம் இருக்கும்மா. மத்தியானக் கோடெல்லாம் மேல நிக்கும், இது மட்டும் கீழயே கெடந்துச்சு. சூடேறலையோன்னு அடுத்த பையை ஓட்டிப் பார்த்தேன், அது சரியா மேல நின்னுச்சு. திரும்ப இதை ஓட்டினேன். அப்பவும் கீழதான். கோட்டுக்கு நடுவுல ஒரு மேடு வேற. எண்ணைத் தவிர எதையும் வெளிய சொல்லக் கூடாதுன்னு நம்ம சட்டமாச்சே, விட்டுட்டேன்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். 

சூடான கருவி. மத்தியான மூச்சு. அந்த ஒரு பையை மட்டும் வெயில் ஏமாற்றவில்லை. இருநூற்று முப்பத்தொன்பது வெற்றிகளில் எதையும் நம்ப முடியாது. கருவிக்கு நிஜமாகவே நோய் தெரியும் என்பதற்கு உலகத்திலேயே ஒரு சாட்சி உண்டென்றால், அது எல்லோரும் சிரித்த அந்த ஒரே பிசகுதான்.

சாட்சி யார்?

ஒருமுறை பிசகியது பத்து முறை பிசகலாம், ஒரு மூச்சை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே அவள் நூலைப் பிரித்தாள். நூற்று எழுபது. நூற்று எழுபத்தொன்று. கட்டுக்குள்ளிருந்து ஒரு படிவம் நழுவிக் கீழே விழுந்தது; குனிந்து எடுத்தாள். நூற்று எழுபத்திரண்டு.

அடுத்த படிவத்தில் பெயரைப் படிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. பள்ளிக்கூட நாள் முதல் அந்தக் கையெழுத்தின் வாலை அவள் கேலி செய்திருக்கிறாள். ஆள் குறைந்த ஒரு மத்தியானத்தில், "நீயும் வந்து ஊதிட்டுப் போடா, உனக்குத்தான் ஒரு சீக்கும் கிடையாதே" என்று வராந்தாவிலிருந்து பிடித்து இழுத்து வந்தவளும் அவள்தான்.

உள்ளே போகாத ஷூ. உப்பின முகம். இருபது வருஷமாகச் சிறுநீரகத்தைப் படித்தவள், காலையில் அதைப் பார்த்து நாற்காலியைத் தேய்க்கிறாய் என்று கிண்டல் செய்தாளே!

"என்னம்மா, யாரது?" என்றார் ஸ்பானர், திருகைத் துடைத்தபடி.

அவள் படிவத்தைக் கவிழ்த்து வைத்தாள். திறந்திருந்த கதவு வழியாக வராந்தா தெரிந்தது. நிரம்பப்போகிற வாளியைத் தம்பி குனிந்து அரை அடி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான். வைத்துவிட்டு நிமிர்ந்தவன், சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு அவள் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினான்.

"கிளம்பலாமாக்கா?"